அறுவைக்குப் பின் வீட்டில் குழந்தைகள் அடையும் வலி பற்றிய ஆய்வின் புள்ளியியல் சிக்கல்கள்

அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பிய குழந்தைகளுக்கு எவ்வளவு வலி இருக்கிறது, அது எத்தனை நாட்கள் நீடிக்கிறது, எந்த மருந்து அதைக் குறைக்கிறது என்பவற்றை அளந்து அறிவது குழந்தை மருத்துவம், மயக்கவியல், செவிலியியல் ஆகிய துறைகளுக்குப் பொதுவான ஓர் ஆய்வுப் பரப்பாகும். மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியர் குறித்த நேரத்தில் வலியை மதிப்பிட்டு எழுதுகின்றனர். வீட்டில் அப்பணியைப் பெற்றோரே செய்கின்றனர். மருந்து கொடுப்பவர்களும் அவர்களே. இதனால் இவ்வாய்வுகளில் கிடைக்கும் எண்கள் குழந்தையின் வலியை மட்டும் காட்டுவதில்லை. குழந்தையின் வயது, பெற்றோரின் கணிப்பு, கொடுக்கப்பட்ட மருந்து, எழுதப்படாமல் விடுபட்ட பக்கங்கள் ஆகிய அனைத்தும் அவ்வெண்களில் கலந்துள்ளன. இக்கலப்பைப் பிரித்தறிவதே இத்துறையின் முதன்மையான புள்ளியியல் சிக்கல் ஆகும். பிரித்தறியத் தவறினால், உண்மையில் இருக்கும் வலி கணக்கில் இல்லாமல் போகும். கணக்கில் இல்லாத வலிக்கு மருந்து பரிந்துரைக்கப்படுவதும் இல்லை.

பின்னணி

குழந்தைகள், குறிப்பாகக் கைக்குழந்தைகள், பெரியவர்கள் அளவுக்கு வலியை உணர்வதில்லை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகில் நிலவியது. பொது அறுவைக்குப் பின் குழந்தைகளுக்கு வலிநீக்கி மருந்து அரிதாகவே தேவைப்படுகிறது என்று 1968இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை குறிப்பிட்டது. 1977இல் எலண்ட், ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்யப்பட்ட 25 குழந்தைகளுள் 13 பேருக்கு வலிநீக்கி ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. 1987இல் ஆனந்த், சிப்பெல், அய்ன்ஸ்லி-கிரீன் ஆகியோர், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிநீக்கி கொடுத்தால் உடலின் அழுத்த எதிர்வினைகள் குறைகின்றன என்று காட்டினர். இதன் பின்னர் பழைய கருத்து படிப்படியாகக் கைவிடப்பட்டது.

மருத்துவமனைக்குள் வலி கவனிக்கப்படத் தொடங்கிய அதே காலத்தில், பல நாடுகளில் குழந்தைகளுக்கான அறுவைகள் பலவும் அன்றே வீடு திரும்பும் அறுவைகளாக மாறின. டான்சில் எனப்படும் அடிநாச் சதையை அகற்றுதல், குடலிறக்கத்தைச் சரிசெய்தல், முன்தோல் நீக்கம் போன்றவை இவ்வகையில் அடங்கும். இவற்றுள் அடிநாச் சதை அகற்றலுக்குப் பின் வரும் வலி ஒரு வாரமோ அதற்கு மேலுமோ நீடிக்கக்கூடியது. எனவே வலியின் பெரும்பகுதி மருத்துவர் பார்வைக்கு அப்பால், வீட்டிலேயே நிகழ்கிறது.

இதன் அளவை உணர்த்தும் ஆய்வொன்று ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியானது. அடிநாச் சதை அகற்றப்பட்ட, 2 முதல் 12 வயதுக்குட்பட்ட 261 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். வீடு திரும்பிய முதல் நாளில் 86 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க வலி இருந்ததாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். ஆயினும் 24 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அந்நாள் முழுவதும் மருந்து கொடுக்கப்படவில்லை, அல்லது ஒரே ஒரு வேளை மட்டும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாளில் 67 விழுக்காட்டினருக்கு வலி இருந்தது; மருந்தே பெறாதவர்களும் ஒரு வேளை மட்டும் பெற்றவர்களும் சேர்ந்து 41 விழுக்காட்டினராக இருந்தனர். வலியைக் கண்டறிந்த பெற்றோரே மருந்து கொடுக்கத் தயங்குகின்றனர் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மருந்துக்கு அடிமையாகிவிடும் என்ற அச்சம், அடிக்கடி கொடுத்தால் மருந்து வேலை செய்யாது என்ற எண்ணம், குழந்தை மருந்தைக் குடிக்க மறுத்தல் ஆகியன இத்தயக்கத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அளவீட்டுக் கருவிகள்

வலியை நேரடியாக அளக்கும் கருவி ஏதும் இல்லை. ஆகவே கீழ்க்கண்ட மறைமுக அளவைகள் பயன்படுகின்றன.

* எண் அளவை: 0 முதல் 10 வரையுள்ள எண்களில் ஒன்றைக் குழந்தையே கூறுதல். ஏறத்தாழ 8 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றது.
* முகப்பட அளவை: வலி கூடக்கூட மாறும் முகப்படங்களுள் தன் நிலைக்கு ஒத்ததைக் குழந்தை சுட்டிக்காட்டுதல். 2001இல் வெளியான திருத்திய முகவலி அளவையில் ஆறு முகங்கள் உள்ளன. அவற்றுக்கு 0, 2, 4, 6, 8, 10 என மதிப்பெண் தரப்படுகிறது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் அளவைகளில், குழந்தை தன் வலியைக் காட்டுகிறதா, தன் மகிழ்ச்சியையும் துயரத்தையும் காட்டுகிறதா என்ற ஐயம் எழும். திருத்திய அளவையில் சிரிப்பும் கண்ணீரும் தவிர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம்.
* நடத்தை அளவை: முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றுதலுக்கு இணங்குதல் ஆகிய ஐந்தையும் பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தரும் அளவை 1997இல் வெளியானது. மொத்த மதிப்பெண் 10. பேச இயலாத சிறு குழந்தைகளுக்கு இது பயன்படுகிறது.
* பெற்றோர் அளவை: கனடாவைச் சார்ந்த சேம்பர்ஸ், ரீட், மெக்ராத், ஃபின்லி ஆகியோர் 1996இல் வெளியிட்டது. வழக்கத்தைவிட அதிகம் சிணுங்குகிறதா, குறைவாக விளையாடுகிறதா, குறைவாக உண்கிறதா, புண்பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்பன போன்ற 15 வினாக்களுக்குப் பெற்றோர் ஆம் அல்லது இல்லை என விடையளிப்பர். 6 அல்லது அதற்கு மேற்பட்ட 'ஆம்' விடைகள் இருந்தால் மருத்துவக் கவனம் தேவைப்படும் வலி எனக் கொள்ளப்படுகிறது.

இறுதியாகக் கூறப்பட்ட அளவை வீட்டுச் சூழலுக்கென்றே அமைக்கப்பட்டதால் பரவலாகப் பயன்படுகிறது. எனினும் அதன் ஏற்புடைமை அறுவையின் வகையைப் பொறுத்தும் அமையும். அடிநாச் சதை அகற்றப்பட்ட குழந்தை குறைவாக உண்பது வலியாலும் இருக்கலாம், குமட்டலாலும் இருக்கலாம். முதல் நாளின் அமைதி வலியாலும் வரும், மயக்க மருந்தின் மிச்சத்தாலும் வரும். வழக்கமாக மறுக்கும் மருந்தை இப்போது குடிக்கிறதா என்பதும் 15 வினாக்களுள் ஒன்றாகும். ஆகவே மருந்து கொடுக்கப்படாத குழந்தைக்கு அவ்வினாவில் மதிப்பெண் கிடைக்க வழியில்லை.

ஓர் அளவையை வேறு மொழிக்குக் கொண்டுசெல்லும்போது சொற்பெயர்ப்பு மட்டும் போதுமானதன்று. தமிழிலேயே, தமிழ்நாட்டில் 'வலிக்கிறது' எனக் கூறும் குழந்தைக்கு இணையாக இலங்கைக் குழந்தை 'நோகுது' எனக் கூறும். பெயர்க்கப்பட்ட அளவை அதே வலிக்கு அதே எண்ணைத் தருகிறதா என்பது தனியே சோதிக்கப்படல் வேண்டும்.

மதிப்பெண்ணின் இயல்பு

வலி மதிப்பெண்கள் நீளத்தையோ எடையையோ போன்ற அளவுகள் அல்ல. 2இலிருந்து 4க்கு ஏறுவதும் 8இலிருந்து 10க்கு ஏறுவதும் ஒரே அளவு வலி மிகுதலைக் குறிக்கின்றன எனக் கூற இயலாது. 4 என்பது 2ஐவிடக் கூடுதல் என்பது மட்டுமே உறுதி. இத்தகைய தரவுகள் வரிசை அளவைத் தரவுகள் எனப்படும். ஆயினும் பெரும்பாலான கட்டுரைகள் இவற்றின் கூட்டுச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தருகின்றன.

மதிப்பெண்களின் பரவலும் இயல்நிலைப் பரவலாக அமைவதில்லை. நாட்கள் செல்லச்செல்ல 0 என்னும் எண் மிகுதியாக வருகிறது. சில குழந்தைகளுக்கு மட்டும் மதிப்பெண் உயர்ந்தே நிற்கிறது. எடுத்துக்காட்டாக, பத்துக் குழந்தைகள் கொண்ட ஒரு குழுவில் ஐவருக்கு 0, ஐவருக்கு 8 எனக் கொண்டால் சராசரி 4 ஆகும். அனைவருக்கும் 4 உள்ள மற்றொரு குழுவின் சராசரியும் 4 தான். முதற்குழுவில் ஐந்து குழந்தைகள் கடும் வலியில் உள்ளனர் என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது. இதனால் இடைநிலை அளவு, கால்மான வீச்சு, குறித்த எல்லைக்கு மேல் மதிப்பெண் பெற்ற குழந்தைகளின் விழுக்காடு ஆகியவற்றையும் சேர்த்துத் தருவது நன்று. ஒப்பிடுவதற்குத் தரவரிசை சார்ந்த சோதனைகளும், 1980இல் மெக்கல்லா விளக்கிய விகிதசம வாய்ப்பு மாதிரியுருவும் பயன்படுகின்றன.

எல்லை வகுத்து 'வலி உண்டு', 'வலி இல்லை' எனப் பிரிப்பதிலும் இழப்பு உண்டு. 15க்கு 5 பெற்ற குழந்தையும் 0 பெற்ற குழந்தையும் ஒரே பிரிவில் அடங்கிவிடுவர். 5 பெற்றதும் 6 பெற்றதும் வெவ்வேறு பிரிவுகளுக்குச் செல்லும்.

குழந்தையின் கூற்றும் பெற்றோரின் கணிப்பும்

வலி ஓர் அகவுணர்வு ஆதலால், கூற இயலும் குழந்தையின் கூற்றே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் வீட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் பெற்றோரின் கணிப்பே கிடைக்கிறது. இவ்விரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டப் பல கட்டுரைகள் ஒட்டுறவுக் கெழுவைப் பயன்படுத்துகின்றன. இது பொருத்தமான அளவு அன்று. ஐந்து குழந்தைகள் தம் வலியை 4, 5, 6, 7, 8 எனக் கூறுவதாகவும், அவர்தம் பெற்றோர் முறையே 2, 3, 4, 5, 6 என மதிப்பிடுவதாகவும் கொள்வோம். ஒட்டுறவுக் கெழு 1 ஆகும். அதாவது முழுமையான ஒட்டுறவு. ஆனால் ஒவ்வொரு பெற்றோரும் 2 எண்கள் குறைத்தே மதிப்பிட்டுள்ளனர். 5க்கு மேல் மருந்து கொடுப்பது என்பது விதியானால், குழந்தைகளின் கூற்றுப்படி மூவருக்கு மருந்து தேவை. பெற்றோரின் கணிப்புப்படி ஒருவருக்கு மட்டுமே தேவை.

ஒட்டுறவு வேறு, உடன்பாடு வேறு என்பதை 1986இல் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். இரு மதிப்பீடுகளின் வேறுபாட்டைக் கணித்து, அவ்வேறுபாட்டின் சராசரியையும் அது பரவும் எல்லைகளையும் தருவது அவர்கள் முன்வைத்த முறையாகும். ஆம், இல்லை என்ற வகையிலான விடைகளுக்கு 1960இல் ஜேக்கப் கோயன் அறிமுகப்படுத்திய காப்பா கெழு பயன்படுகிறது.

வயது மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. 2 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளை ஒரே ஆய்வில் சேர்த்தால், சிறு குழந்தைகளுக்குப் பெற்றோர் அளவையும் மூத்த குழந்தைகளுக்குத் தன்கூற்று அளவையும் பயன்படுத்த வேண்டியிருக்கும். அப்போது வயதுக் குழுக்களுக்கிடையே காணப்படும் வேறுபாடு வலியின் வேறுபாடா, அளவையின் வேறுபாடா என்பதைப் பிரித்தறிய இயலாது. ஒரே அளவையை அனைவருக்கும் பயன்படுத்தினாலும், ஒரே வினா 3 வயதிலும் 11 வயதிலும் ஒரே பொருளைத் தருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

நாட்குறிப்பேடும் நினைவும்

வீட்டு ஆய்வுகளில் பெற்றோருக்கு ஒரு நாட்குறிப்பேடு தரப்பட்டு, நாள்தோறும் குறித்த வேளைகளில் எழுதுமாறு கேட்டுக்கொள்ளப்படும். எழுதப்பட்ட நேரம் உண்மையானதா என்பது நீண்டகாலம் சோதிக்கப்படவில்லை. 2002இல் ஆர்தர் ஸ்டோன், சோல் ஷிஃப்மன் முதலானோர் நாட்பட்ட வலியுள்ள 80 பெரியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு இதனைச் சோதித்தது. காகிதக் குறிப்பேடு திறக்கப்படும் நேரத்தை அறிய அதில் ஓர் ஒளி உணரி மறைவாகப் பொருத்தப்பட்டது. குறித்த நேரத்தில் எழுதியதாகப் பங்கேற்பாளர்கள் காட்டிய அளவு 90 விழுக்காடு; உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டது 11 விழுக்காடு மட்டுமே. மின்னணுக் குறிப்பேட்டில் இது 94 விழுக்காடாக இருந்தது. இவ்வாய்வு பெரியவர்களைப் பற்றியது எனினும், நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டிய பெற்றோரின் குறிப்பேடுகளையும் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

பின்னர் நினைவிலிருந்து எழுதப்படும் மதிப்பெண்கள் உண்மைச் சராசரியிலிருந்து விலகுகின்றன. 1996இல் டொனால்ட் ரெடல்மயர், டேனியல் கானமன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, மருத்துவச் செயல்முறையொன்றின் வலியை நோயாளிகள் பின்னர் நினைவுகூரும்போது அதன் உச்சமும் இறுதிக் கட்டமுமே மேலோங்கி நிற்கின்றன என்றும், வலி நீடித்த காலம் பெரிதாகக் கருதப்படுவதில்லை என்றும் காட்டியது. இதன்படி, பகல் முழுதும் அழுது மாலையில் உறங்கிய குழந்தையின் நாள் இரவில் எழுதப்பட்டால் நல்ல நாளாகப் பதிவாகலாம்.

விடுபட்ட தரவுகள்

வீட்டு ஆய்வுகள் அனைத்திலும் சில பக்கங்கள் வெறுமையாகவே திரும்பி வருகின்றன. 1976இல் டொனால்ட் ரூபின் தரவு விடுபடுதலை மூன்று வகைகளாகப் பிரிப்பதற்கு அடித்தளமிட்டார்.

* முற்றிலும் தற்செயலாக விடுபடுதல்: குறிப்பேடு அஞ்சலில் தொலைந்துபோதல் போன்றவை. விடுபட்டதற்கும் வலிக்கும் தொடர்பில்லை.
* அறிந்த தரவுகளைப் பொறுத்து விடுபடுதல்: மூத்த குழந்தைகளின் பெற்றோர் குறைவாக எழுதுதல் போன்றவை. வயது தெரியுமாதலால் கணக்கில் சரிசெய்ய இயலும்.
* விடுபட்ட மதிப்பையே பொறுத்து விடுபடுதல்: குழந்தையின் அன்றைய வலியே பக்கம் வெறுமையாக இருப்பதற்குக் காரணமாதல்.

மூன்றாம் வகையே இத்துறையில் பெரிதும் ஐயத்துக்குரியது. இது இரு திசைகளிலும் நிகழக்கூடும். வலி நீங்கிக் குழந்தை விளையாடத் தொடங்கியதால் பெற்றோர் எழுத மறந்திருக்கலாம். இரவெல்லாம் அழுத குழந்தையை மடியில் வைத்திருந்ததால் எழுத இயலாமலும் போயிருக்கலாம். குழந்தை உறங்கியதால் விடப்பட்ட பக்கமும் உண்டு. ஆனால் உறக்கம் வலியின்மைக்குச் சான்றாகாது. விடுபட்டது எவ்வகையைச் சார்ந்தது என்பதைக் கிடைத்த தரவுகளை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

இதன் விளைவைப் பின்வரும் கற்பனைக் கணக்கு விளக்கும். 100 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில், மூன்றாம் நாளுக்கான பக்கத்தை 60 பெற்றோர் மட்டும் நிரப்பினர். அவர்களுள் 24 பேர் எல்லைக்கு மேற்பட்ட வலியைக் குறித்தனர். கிடைத்தவற்றை மட்டும் எண்ணினால் விடை 40 விழுக்காடு. எழுதாத 40 குழந்தைகளுள் ஒருவருக்கும் வலி இல்லை என்றால் விடை 24 விழுக்காடு. அனைவருக்கும் வலி என்றால் 64 விழுக்காடு. எனவே தரவுகள் உறுதியாகக் கூறுவது, உண்மை மதிப்பு இந்த 100 குழந்தைகளில் 24க்கும் 64க்கும் இடையில் உள்ளது என்பதை மட்டுமே.

விடுபட்ட இடத்தில் முந்தைய மதிப்பெண்ணையே நீட்டித்து எழுதுவது ஒரு பழைய முறை. அறுவையின்போது போடப்பட்ட மருந்தின் விளைவு நீடிக்கும் முதல் மாலையின் குறைந்த எண்ணைப் பின்னாட்களுக்கு நீட்டித்தால், பின்னர் எழும் வலி கணக்கிலிருந்தே மறைந்துவிடும். இக்காரணங்களால் இம்முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. ரூபின் வகுத்த பன்மடங்கு இட்டுநிரப்பல் முறையில், விடுபட்ட இடம் ஏற்கத்தக்க பல மதிப்புகளால் பலமுறை நிரப்பப்பட்டு, ஒவ்வொரு நிரப்பலின் முடிவும் ஒன்றுசேர்க்கப்படுகிறது. இதனால் அறியாமையின் அளவும் முடிவில் இடம்பெறும். ஆயினும் இதன் வழக்கமான வடிவம் இரண்டாம் வகை விடுபடுதலையே கருதிக்கொள்கிறது. மூன்றாம் வகை இருக்கக்கூடுமாயின், விடுபட்டோரின் வலி கூடுதலாக இருந்தால் முடிவு எவ்வளவு மாறும் என்று பல நிலைகளில் கணித்துப் பார்க்க வேண்டும். இது உணர்திறன் பகுப்பாய்வு எனப்படும்.

மருந்தும் மதிப்பெண்ணும் ஒன்றையொன்று மாற்றுதல்

எந்த நெறிப்படியும், வலியால் துன்புறும் குழந்தைக்கு மருந்து தராமல் ஆய்வுக்காகக் காத்திருத்தல் ஏற்கப்படாது. ஆகவே ஆய்வு மருந்து எதுவாயினும், தேவைப்பட்டால் கொடுப்பதற்கு ஒரு மீட்பு மருந்தும் தரப்படும். இதனால் வலி மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு வழிவகுக்கும். இரு குழுக்களின் சராசரி வலியும் 3 எனக் கொள்வோம். ஒரு குழுவில் குழந்தைக்கு 2 வேளை மீட்பு மருந்தும் மற்றதில் 6 வேளையும் தேவைப்பட்டிருந்தால், இரு மருந்துகளும் சமம் என்று கூற இயலாது. வலி மதிப்பெண்ணையும் மீட்பு மருந்தின் அளவையும் தரவரிசைப்படுத்தி ஒன்றிணைக்கும் முறையை 1993இல் சில்வர்மன் முதலானோர் முன்வைத்தனர்.

வீட்டில் இது மேலும் சிக்கலாகிறது. மருத்துவமனையில் மீட்பு மருந்தின் அளவு ஓரளவு வலியைக் காட்டும். வீட்டிலோ அது பெற்றோரின் அச்சத்தையும் துணிவையும் காட்டுகிறது. மீட்பு மருந்து குறைவாகக் கொடுக்கப்பட்டது என்பதை வலி குறைவு என்று பொருள்கொள்வது, மருந்து மறுக்கப்பட்ட குழந்தையை வலியற்ற குழந்தையாகக் கணக்கிடுவதாகும்.

மருந்தின் பயனைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களைப் பிரிக்காமல், வெறும் அவதானிப்பால் அறிய முயன்றால் வேறொரு பிழை நேரும். வலி மிகுந்த குழந்தைக்கே அதிக மருந்து கொடுக்கப்படுகிறது. எனவே தரவில், அதிக மருந்து பெற்ற குழந்தைகளுக்கே அதிக வலி இருப்பதாகத் தெரியும். மருந்து வலியைக் கூட்டுவதுபோல் தோன்றும். காலையின் வலி நண்பகல் மருந்தைத் தீர்மானிக்கிறது. நண்பகல் மருந்து மாலை வலியைத் தீர்மானிக்கிறது. மாலை வலி இரவு மருந்தைத் தீர்மானிக்கிறது. இத்தகைய சுழற்சியை வழக்கமான தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு சரிசெய்ய இயலாது. ஜேம்ஸ் ராபின்ஸ் முதலானோர் உருவாக்கிய காரணவியல் முறைகள் இதற்கெனப் பயன்படுகின்றன.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தோற்றப்பிழை உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதே மருந்து கொடுக்கப்படுவதால், மருந்து வேலை செய்யாவிட்டாலும் அடுத்த மதிப்பெண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பிரான்சிஸ் கால்ட்டன் 1880களில் விளக்கிய சராசரி நோக்கிய பின்னடைவு என்பது இதுவே. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இக்குறைவு முழுதும் மருந்தின் பயனாகக் கொள்ளப்பட்டுவிடும்.

2019இல் பன்னாட்டு மருந்து நெறிமுறை ஒத்திசைவு மன்றம் வெளியிட்ட வழிகாட்டி, மதிப்பிட விரும்பும் அளவை ஆய்வு தொடங்குமுன்னரே துல்லியமாக வரையறுக்குமாறு கூறுகிறது. மீட்பு மருந்து கொடுத்தல், ஆய்வு மருந்தைப் பாதியில் நிறுத்துதல் போன்ற இடைநிகழ்வுகளை எவ்வாறு கொள்வது என்பதும் முன்கூட்டியே கூறப்பட வேண்டும். 'மீட்பு மருந்து கொடுத்தும் இருந்த வலி எவ்வளவு' என்பதும் 'மீட்பு மருந்து கொடுக்காதிருந்தால் இருந்திருக்கும் வலி எவ்வளவு' என்பதும் இரு வேறு கேள்விகள்.

திரும்பத் திரும்ப அளத்தல்

ஒரு குழந்தையிடமிருந்து ஏழு நாட்களில் ஏழு மதிப்பெண்கள் பெறப்பட்டால், அவை ஒன்றையொன்று சாராத ஏழு தகவல்கள் ஆகா. இன்று வலி மிகுந்த குழந்தைக்கு நாளையும் வலி இருக்கும் வாய்ப்பு அதிகம். மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு 0.5 என்றால், ஏழு மதிப்பெண்கள் ஒரு சராசரியைக் கணிப்பதில் 7 ÷ (1 + 6 × 0.5) = 1.75 சார்பற்ற மதிப்பெண்களின் மதிப்பையே பெறும். 63 குழந்தைகளின் 441 மதிப்பெண்களை 441 தனிக் குழந்தைகளுடையவை போலக் கணக்கிட்டால், முடிவின் உறுதி மிகைப்படுத்தப்படும்.

ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே கருதுகோள் சோதனை செய்வதும் பொதுவாகக் காணப்படும் குறை. ஏழு சார்பற்ற சோதனைகளை 5 விழுக்காடு மட்டத்தில் செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஏதேனும் ஒன்றில் வேறுபாடு தோன்றும் வாய்ப்பு 30 விழுக்காடாகும். நாள்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் இவ்வெண் சற்றுக் குறையுமெனினும், 5 விழுக்காட்டைவிட அதிகமாகவே இருக்கும். 1990இல் மேத்யூஸ், ஆல்ட்மன் முதலானோர், ஒவ்வொரு குழந்தையின் தொடரையும் முதலில் ஓர் எண்ணாகச் சுருக்குமாறு பரிந்துரைத்தனர். வளைவின்கீழ் அமையும் பரப்பு, உச்ச மதிப்பு, வலி குறித்த எல்லைக்குக் கீழிறங்க எடுத்துக்கொண்ட நாட்கள் ஆகியன அத்தகைய சுருக்க அளவுகள். 1982இல் லேர்டு, வேர் ஆகியோர் விரிவுபடுத்திய கலப்பு விளைவு மாதிரியுருக்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் போக்கை அனுமதிப்பதால், சில நாட்கள் விடுபட்ட குழந்தையையும் பகுப்பாய்வில் சேர்க்க இயலும்.

வலியின் போக்கு நேர்கோடாக இருப்பதில்லை. குடலிறக்க அறுவைக்குப் பின் வலி பெரும்பாலும் விரைந்து குறைகிறது. அடிநாச் சதை அகற்றலிலோ வலி பல நாட்கள் குறையாமல் நின்று, சில குழந்தைகளிடம் இடையில் மீண்டும் எழுகிறது. மூன்றாம் நாளோடு பின்தொடர்தலை முடித்துக்கொள்ளும் ஆய்வு இவ்வெழுச்சியைக் காணாது.

ஆய்வின் அளவும் அரிய தீங்குகளும்

0 முதல் 10 வரையான அளவையில் திட்ட விலக்கம் 3 எனவும், கண்டறிய விரும்பும் வேறுபாடு 1.5 எனவும் கொண்டால், 5 விழுக்காடு பொருளுடைமை மட்டத்தில் 80 விழுக்காடு திறன் பெற ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 63 குழந்தைகள் தேவை. வேறுபாடு 1 எனில் இது 142 ஆக உயரும். நான்கில் ஒரு பங்கினர் குறிப்பேட்டைத் திருப்பித் தரமாட்டார்கள் என எதிர்பார்த்தால், 63 பேருக்குப் பதிலாக 84 பேரைச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவது துல்லியத்தை மீட்குமே தவிர, விடுபட்டோர் வேறுபட்டவர்களாயின் வரும் சாய்வை நீக்காது.

வலியைக் கண்டறியப் போதுமான இவ்வெண்ணிக்கை, மருந்தின் அரிய தீங்கைக் கண்டறியப் போதாது. 126 குழந்தைகளில் ஒருவருக்கும் கடுந்தீங்கு நேரவில்லை என்றால், தீங்கின் வாய்ப்பு சுழியம் என்று பொருளல்ல. 1983இல் ஹேன்லி, லிப்மன்-ஹேண்ட் ஆகியோர் விளக்கிய மூன்றின் விதிப்படி, 95 விழுக்காடு நம்பிக்கை எல்லையின் மேல்முனை 3 ÷ 126, அதாவது ஏறத்தாழ 2.4 விழுக்காடு ஆகும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான தீங்கை விலக்க வேண்டுமாயின், தீங்கே நேராத 3000 குழந்தைகள் தேவை.

கோடீன் என்ற மருந்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். இம்மருந்து உடலில் மார்ஃபீனாக மாறி வேலை செய்கிறது. மரபணு வேறுபாட்டால் சில குழந்தைகளின் உடல் இம்மாற்றத்தை மிக விரைவாகச் செய்கிறது. அவர்களுக்கு வழக்கமான அளவே மூச்சு அடங்கும் நிலையை ஏற்படுத்தக்கூடும். அடிநாச் சதை அகற்றலுக்குப் பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் சிலர் இவ்வாறு உயிரிழந்த நிகழ்வுகள் பதிவாயின. ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை இம்மருந்தின்மீது விதித்தது. 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு இது கொடுக்கப்படலாகாது என அறிவித்தது. இத்தீங்கை வெளிக்கொணர்ந்தவை சிறு வலி ஆய்வுகள் அல்ல. தனி நிகழ்வுகளைப் பற்றிய மருத்துவர்களின் அறிக்கைகளே.

பொதுமைப்படுத்தலின் எல்லைகள்

நாட்குறிப்பேடு எழுத இசையும் பெற்றோர், இசையாதவர்களிலிருந்து வேறுபட்டிருக்கக்கூடும். ஆய்வு மொழியை அறியாதோர், இரவுப் பணிக்குச் செல்வோர், தனியே குழந்தை வளர்ப்போர் ஆகியோர் குறைவாகவே இடம்பெறுகின்றனர். கைபேசிச் செயலி வழியாகத் தரவு திரட்டும் ஆய்வுகள் நேரப் பதிவில் துல்லியமானவை எனினும், அத்தகைய கைபேசி இல்லாத குடும்பங்களை விட்டுவிடுகின்றன. மேலும், நாள்தோறும் மூன்று முறை வலியைப் பற்றிக் கேட்கப்படும் பெற்றோர் கூடுதலாகக் கவனித்துக் கூடுதலாக மருந்து கொடுக்கலாம். அந்நிலையில் ஆய்வு காட்டும் வீடு, ஆய்வில் இல்லாத வீட்டைப் போன்றதாக இராது.

ஆய்வறிக்கைகளை மதிப்பிடுதல்

இத்துறைக் கட்டுரையொன்றைப் படிக்கும் மாணவர் கீழ்க்கண்டவற்றை நோக்குதல் பயனளிக்கும்.

* மதிப்பெண் தந்தவர் குழந்தையா, பெற்றோரா? அளவை அவ்வயதுக்கும் அம்மொழிக்கும் சோதிக்கப்பட்டதா?
* எத்தனை குறிப்பேடுகள் எந்த நாள் வரை கிடைத்தன? விடுபட்டவை எவ்வாறு கொள்ளப்பட்டன?
* கொடுக்கப்பட்ட மருந்தின் அளவு வலி மதிப்பெண்ணுடன் சேர்த்துத் தரப்பட்டுள்ளதா?
* சராசரி மட்டும் தரப்பட்டுள்ளதா, கடும் வலியிலிருந்த குழந்தைகளின் விழுக்காடும் தரப்பட்டுள்ளதா?
* ஒரே குழந்தையின் பல மதிப்பெண்கள் தனித்தனிக் குழந்தைகளுடையவை போல எண்ணப்பட்டனவா?
* 'வேறுபாடு காணப்படவில்லை' என்ற முடிவு, வேறுபாடு இல்லாமையால் வந்ததா, ஆய்வு சிறிதாக இருந்ததால் வந்ததா?

இவற்றுக்கு விடை தராத கட்டுரையில், குறைந்த வலி என்று எழுதப்பட்டிருப்பது குறைந்த பதிவாகவும் இருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* வலி
* வலிநீக்கி
* மயக்கவியல்
* உயிரியற் புள்ளியியல்
* விடுபட்ட தரவு
* ஒட்டுறவு
* சராசரி நோக்கிய பின்னடைவு

பகுப்புகள்: குழந்தை மருத்துவம் | மருத்துவ ஆய்வு | புள்ளியியல்